குடிசை கட்ட வந்த தாய்மாமன்

ஒரு மனிதரை நான் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. எங்கே வருவார் என்பது தெரியும். அதைச் சொன்னேன்.

அப்போது நான் இலங்கையில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இளைய கிளாக்கர். பதுளையில் படித்து, ஆங்கிலம் நன்றாக வந்ததால் கிடைத்த வேலை. எங்கள் பெரிய துரை ஓய்வு பெறும் வயதில் இருந்தார். முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷ் படை இஸ்தான்புல்லைப் பிடித்து வைத்திருந்தபோது அங்கே இளம் அதிகாரியாக இருந்தவர். மழை நாட்களில் ஆபீசில் வேலை குறைந்தால் அந்த ஊரைப் பற்றித்தான் பேசுவார். துருக்கியர்களின் வீடுகளைப் படைக்கு எடுத்துக்கொண்டது, ஆயுதம் தேடி வீடு வீடாக ஏறியது, பெண்கள் பகுதியின் திரைக்கு முன்னால் பூட்ஸ் காலோடு தயங்கி நின்றது. "எங்களை வெறுத்தார்கள். ஆனாலும் காப்பி கொடுக்காமல் அனுப்பியதில்லை" என்று சிரிப்பார். அந்தக் கதைகளில் நான் எப்போதும் அதிகாரியின் பக்கமே நின்று கேட்டேன்.

ஒரு வேலைநிறுத்தத்தின்போது தேயிலை ஸ்டோரில் தீப்பிடித்தது. தொழிலாளர்களின் தலைவராக இருந்தவர்தான் வைத்தார் என்று துரை முடிவு செய்தார். அந்தத் தலைவர் மேலே, ஆளுயர மானாப்புல் காட்டுக்குள் மறைந்துவிட்டார். பொலிசார் தேடித் தேடிச் சலித்தார்கள்.

ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டார்.

"இஸ்தான்புல்லில் எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் இருந்தான். துருக்கியன். உன்னைப் போலப் படித்தவன். நாங்கள் தேடிய ஒருவன் அகப்படவே இல்லை. பெருநாள் காலையில் தாயின் கையை முத்தமிட அவன் வராமல் இருக்க மாட்டான், வாசலில் நில்லுங்கள் என்று இவன்தான் சொன்னான். நின்றோம். வந்தான்." பைப்பைத் தட்டினார். "உங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லையா?"

முந்தின நாள்தான் தேடப்பட்டவரின் அக்கா மகள் வயதுக்கு வந்திருந்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே பச்சைக் கிளை ஊன்றி அவளுக்குக் குடிசை கட்ட வேண்டியவர் தாய்மாமன். அவர் கை படாமல் கட்டினால் பெண்ணுக்கு மாமன் இல்லை என்று அர்த்தம். துரைக்கோ பொலிசுக்கோ இது தெரிய வழியில்லை. என் அக்காவுக்கு என் மாமன் கட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"இருக்கிறது, சார்" என்றேன்.

மறுநாள் காலை, தொழிலாளர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குள் இன்ஸ்பெக்டரோடு நின்றேன். ஜன்னலுக்கு எதிரே லயம். தூறல். பெண் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கம்புகள் கட்டவிழ்க்காமல் கிடந்தன.

"மாமன்காரன் வராட்டி புள்ள நனைஞ்சுக்கிட்டேதான் கெடக்கணுமா?" என்றாள் ஒருத்தி.

"நீ கட்டேன்டி."

"நான் கட்டுனா குடிசைக்கு மீசை மொளைக்காதே!"

சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க. மச்சான் வருவாப்புல" என்றார்.

அவர் வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதாக எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வராவிட்டால் துரை முன்னால் என் வார்த்தை பொய்யாகுமே என்றுதான் பயந்தேன்.

வந்தார். தோளில் சுமந்த கிளைக் கட்டு முகத்தை மறைத்திருந்தது. முதல் கிளையை ஊன்றி மண்ணை மிதித்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

பிடித்தபோது அவர் ஓடவில்லை. "முடிச்சிட்டு வந்துர்றேன், சார். புள்ள நனையுது" என்றார். விடவில்லை.

அவர் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டினார்கள். பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறினார், அங்கேயே இறந்தார். நான் பெரிய கிளாக்கர் ஆனேன். அந்த மொழிபெயர்ப்பாளன் என்ன ஆனான் என்று ஒருநாள் துரையைக் கேட்டேன்.

"நாங்கள் ஊரை விட்டபோது துறைமுகம் வரை வந்தான். ஏற்றிக்கொள்ளவில்லை."

"ஏன், சார்?"

"அவனோடு ஒரே மேசையில் உட்கார யாருக்கும் மனமில்லை" என்றார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பிள்ளைக் காம்பராவுக்குள் நின்ற என்னை லயத்தார் யாரும் பார்க்கவில்லை. 'வருவாப்புல' என்று உறுதியாகச் சொன்ன தகப்பன்தான் மச்சானைக் காட்டிக்கொடுத்தார் என்று பேச்சு எழுந்தது. மாரியம்மன் கோயில் முன் நிறுத்தினார்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. மனைவி அவரோடு பேசுவதை விட்டாள். மூத்த மகன் கொஸ்லந்தைக்குப் போனவன், தகப்பனைப் புதைத்தபோதும் வரவில்லை. சத்தியம் செய்த அன்று நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இந்த வருடம், துணை என்று யாருமில்லாமல், சேலையும் பழமும் வைத்த தட்டோடு, அன்று குடிசைக்காக நனைந்திருந்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அவருக்கும் முதுமை. அதே லயம்.

"வாங்க, கிளாக்கரய்யா. உக்காருங்க" என்று தேநீர் கொடுத்தார். சொன்னேன். முழுதும் கேட்டார்.

"எங்கிட்ட சொன்னா முடிஞ்சிருமா? எங்கப்பாவ நிறுத்துன எடத்துல நின்னு சொல்லுங்க. அண்ணன வரச் சொல்றேன்." தட்டை என் பக்கம் தள்ளினார். "இத எடுத்துக்கிட்டுப் போங்க. இது மாமன் கொண்டாற தட்டு."

வெள்ளிக்கிழமை கோயில் முன் கற்பூரத்தை அணைத்துச் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு யாருடைய கதை என்றே தெரியவில்லை. ஒரு பையன் போனில் படம் பிடித்தான். அண்ணன் கைத்தடியோடு முன்னால் வந்தார்.

"எங்கப்பா உசுரோட இருக்கையில ஏங்க சொல்லல?"

"வேலை போயிரும்னு பயந்தேன்."

"வேலைய விட்ட பெறகு?"

"வெட்கம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சொல்லல, சரி. நம்பாதவன் நானு" என்றார்.

தங்கை அவர் கையைப் பிடித்து, புதைகுழிகள் இருக்கும் சரிவுக்குக் கூட்டிப் போனார். நானும் இரண்டடி வைத்தேன். தங்கை திரும்பி, "நீங்க வேணாம்" என்றார்.

அண்ணன் அதன் பிறகு கொஸ்லந்தைக்குத் திரும்பவில்லை. தகப்பன் இருந்த லயத்துக் காம்பராவிலேயே தங்கிவிட்டார். யாரோடும் பேசுவதில்லையாம். மழையானாலும் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுகிறார் என்று சொல்கிறார்கள்.