பத்து மதிப்பெண் வாங்கிய தம்பி

எங்கள் மனநல ஆலோசனை மையத்தில் அவளை எல்லோரும் பதிவக்கா என்றுதான் கூப்பிடுவோம். தலைமை ஆலோசகர் அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். பின்னறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிறவர்களின் கோப்புகளைக் கணினியில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான் வாசலில் வரவேற்பு மேசை. ஊர்க்கதை அத்தனையும் என் காதில் விழும். அவள் வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் விழாது. கிண்டிப் பார்த்தால், தனக்கு நம்பர்தான் தெரியும், ஆளைத் தெரியாது என்பாள். பச்சைப் பொய். எல்லாம் தெரியும்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் அவளால் திறக்க முடியாதது. அது அவள் தம்பியுடையது. மனைவி இறந்த பிறகு அவன் அக்கா வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டான். வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்து உட்காருவான். மாமா ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று கேட்டுக் கேட்டு அவள் மகளே ஓய்ந்துபோனாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனை எங்கள் மையத்தில் சேர்த்தாள். சொந்தக்காரர் கோப்பை ஊழியர் தொடக் கூடாது என்பது விதி. அவனைப் பார்த்தவர் கண்ணாடி மேடம். மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியோடு திரிகிற ஆலோசகர். வாராவாரம் வந்தான், அவர் அறைக்குள் போனான், முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். வீட்டில் வாய் திறக்காவிட்டால் என்ன, அங்கேயாவது கொட்டித் தீர்க்கிறானே என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில்தான் அவள் பொழுது ஓடியது.

அப்போதுதான் மென்பொருளை மாற்றினார்கள். பழையதில், ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் மனசு எவ்வளவு பாரம் என்று கேட்டு நம்பர் போடுவோம். பூஜ்யம் என்றால் பாரமே இல்லை. பத்து என்றால் தாங்க முடியவில்லை. புதியதில் எல்லாம் தலைகீழ். எவ்வளவு நலமாக இருக்கிறீர்கள் என்று அது கேட்கும், பத்துதான் உச்சம். பழைய நம்பரையெல்லாம் பத்திலிருந்து கழித்து ஏற்றினால் போதும் என்று கம்பெனிக்காரர் சொன்னார். பதிவக்கா எந்தக் கோப்பையும் திறக்காமலே எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கழித்தாள். எட்டு இரண்டாகியிருக்கிறதா, ஏழு மூன்றாகியிருக்கிறதா என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பூஜ்யத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. பழைய மென்பொருள் நம்பர் இல்லாமல் கோப்பை மூட விடாது. சிலர் பதிலே சொல்ல மாட்டார்கள். கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அப்போது கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பூஜ்யத்தை அப்படியே விட்டுவிடுவது எங்கள் ஆலோசகர்களின் பழக்கம். எனக்கே தெரிந்த சங்கதி. எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. விளைவு, வாயே திறக்காதவர்கள் எல்லாம் ஒரே நாளில் மையத்திலேயே பரம சௌக்கியமான ஆட்களாகிவிட்டார்கள். பத்து வாங்கியவர்களின் கோப்பைப் புது மென்பொருள் தானாகவே மூடியது, அடுத்த சந்திப்பை ரத்து செய்தது, செய்தியும் அனுப்பியது. ஒருமுறை மூடினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வரிசை மாதக்கணக்கில் நகராது.

மறுநாள் தம்பி மையத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கிளம்பவில்லை. அடுப்படியில் இருந்த பதிவக்கா, நேரமாகவில்லையா என்று கேட்டிருக்கிறாள். அவன் போனை நீட்டினான்.

"இனிமே வர வேணாமாம்க்கா."

நலம்: பத்துக்குப் பத்து. உங்கள் ஆலோசனை இனிதே நிறைவுற்றது, வாழ்த்துகள் என்றிருந்தது. அவள் அதைப் படித்தாள். பத்து எங்கிருந்து வந்தது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இத்தனை மாதமும் அவன் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைப் பத்தாக்கி அவனை வெளியே அனுப்பியதும் அவள் கைதான். பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள், அடுப்பை அணைக்கக்கூடக் கை வரவில்லை என்று. பாவமாக இருந்தது.

அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் மையத்துக்கு வந்து நின்றாள். தம்பி பேரை எடுக்கவில்லை. பூஜ்யங்கள் தப்பாக ஏறிவிட்டன என்று மட்டும் தலைமை ஆலோசகரிடம் சொன்னாள். அவர் கம்பெனிக்காரரைக் கூப்பிட, எது நிஜப் பூஜ்யம், எது பேசாத பூஜ்யம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று அந்த ஆள் கையை விரித்தார். கண்ணாடி மேடம்தான் வழி சொன்னார். நிஜமாகவே பாரம் இறங்கியவர்களை மாதம் ஒருமுறை வரச் சொல்லிவிடுவோம்; பூஜ்யமும் போட்டு வாராவாரமும் வந்திருந்தால் அவர் பேசாதவர். பதிவக்கா பொழுது சாயும்வரை உட்கார்ந்து தேதிகளை ஒப்பிட்டு, அந்தக் கட்டங்களையெல்லாம் காலியாக்கினாள். மூடிய கோப்புகள் திறந்தன. அவள் தொடக் கூடாத அந்த ஒரு கோப்பை மேடம் பார்த்துக்கொண்டார். தப்பு எங்களுடையது, வழக்கம்போல வாருங்கள் என்று ஒவ்வொருவரையும் ஆலோசகர்களே போனில் கூப்பிட்டார்கள்.

மற்றவர்கள் வந்தார்கள். தம்பி வருவானா என்று அவளுக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்கவும் துணியவில்லை. அவன் நாள் வந்தது. நேரத்துக்கு வந்து நின்றான். எனக்குத் தலையாட்டவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நேரே உள்ளே போனான். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது.

"நான் எப்ப மேடம் பத்துன்னு சொன்னேன்?"

கூடத்தில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு என்ன பேசினார்களோ தெரியாது. வழக்கத்தைவிட நெடுநேரம் கழித்து, கண் சிவந்து வெளியே வந்தான். வாசலுக்குப் போகாமல் பின்னறைக் கதவருகே நின்று அக்காவிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனான்.

அவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள். மூக்கை உறிஞ்சினாள், முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டாம்டி. ரெண்டுன்னு சொல்லிட்டானாம்."

புதுக் கணக்கில் இரண்டு என்பது படுமோசம். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு என்னிடம் சொன்ன ஒரே நம்பர் அதுதான்.