உதடு சேரும் மாதம்

கருவில் பிள்ளை எப்படி உருவாகிறது என்று தெருமுனையில் நின்று சொல்வது ஒரு தொழில் என்றால், காஞ்சிபுரத்தில் அதைச் செய்பவன் நான் ஒருவன்தான். போட்டிக்கு இதுவரை யாரும் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்ததை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலில், கூலி உயர்வு கேட்டதற்காக முதலாளி என் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துப் போனார். இரண்டாவது, அந்த முதலாளியோடு தனியாகப் போய் டீ குடித்த தலைவர்களைத் துண்டறிக்கை போட்டுக் கேட்டதற்காக எங்கள் நெசவாளர் சங்கம் என்னை நீக்கியது. மூன்றாவது, நீக்கல் தீர்மானத்தை நான் கற்றுக்கொடுத்த நடையிலேயே எழுதினார்கள். நான்காவது, வெகுகாலம் கழித்து அதே சங்கம் என்னை 'மூத்த போராளி' என்று மேடையேற்றிச் சால்வை போர்த்தியது. மைக்கை மட்டும் தரவில்லை.

பிறகுதான் அறிவியல் பிரச்சாரம் செய்யும் சில நண்பர்கள் இந்தப் பெட்டியைத் தந்தார்கள். உள்ளே பஞ்சில் சுற்றிய ஆறு சுண்ணாம்புப் பொம்மைகள். முசுக்கொட்டைப் பழம் போன்ற செல் உருண்டையில் தொடங்கி முழுக் குழந்தையில் முடியும். நான் கல்லூரி பார்த்தவன் இல்லை. குறும்புத்தகங்களும் துண்டறிக்கைகளும்தான் என் படிப்பு. தொண்டை கிழியப் பேசிவிட்டு, தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் வீடு திரும்பியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வால் முளைத்த கூட்டம்

பெரிய காஞ்சிபுரத்தில், ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாலை. ஒரு மாதக் கருவின் பொம்மையைத் தூக்கிக் காட்டினேன். அதற்கு வால் உண்டு. கழுத்தில் மடிப்புகள் உண்டு. பிறகு மீன், கோழி, நாய், மனிதன் நான்கின் கருப் படங்களையும் பெயர் மறைத்து வைத்து, "இதில் மனிதன் எது, சொல்லுங்கள்" என்றேன். பழகாத கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பூக்கட்டும் அம்மா ஒருவர் நாயைக் காட்டினார். கூட்டத்தில் பெரும்பாதி அதை ஒப்புக்கொண்டது. அது நாய்தான் என்று நான் சொன்னதும் ஒருவர், "எங்களுக்கா வால் இருந்திச்சு?" என்று கோபமாக எழுந்து போய்விட்டார்.

ஒரு ஆட்டோக்காரர் மட்டும் பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டார்: "அண்ணா, மொதல் மாசம் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குதுன்ற. அப்ப சாதி எந்த மாசத்துல வந்து ஒட்டுது? அதுக்கு ஒரு பொம்மை பெட்டில இல்லையே?"

எல்லார் கையிலும் ஒரே அறிக்கை

என்னை நீக்கிய சங்கத்தின் பழைய ஆட்கள் கூடும் டீக்கடையில் வேண்டுமென்றே போய்ப் பேசினேன். உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபுக் குறிப்பு முழுதாக இருக்கிறது. ஆனால் கண்ணாகப் போகும் செல் அதில் கண்ணுக்கான பக்கங்களைத்தான் படிக்கிறது; ஈரலாகப் போவது ஈரலுக்கானதை. தோலாகிப் போன செல் சாதாரணமாகத் திரும்பிப் போய் வேறு பக்கத்தைப் புரட்டாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

என்னை நீக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அட, நம்ம சங்கமேதான்பா. எல்லார் கையிலயும் முழு அறிக்கை இருந்திச்சு. அவனவன் அவன் பேர் வந்த பக்கத்த மட்டும் படிச்சான்."

சுகுணாவின் கேள்வி

தாமல் ஏரிக்கரையில் ஒரு நாள், அடைக்கு வைத்து மூன்று நாளான கோழி முட்டையைத் தட்டில் உடைத்தேன். மஞ்சள் கரு மேலே சிவப்பு நரம்புகள். நடுவில் கடுகளவு ஒரு புள்ளி துடித்தது. "இதயம்" என்றேன். கூட்டம் தட்டின் மேல் குனிந்தது. 

அப்போது கைக்குழந்தையைத் துண்டால் மூடியிருந்த ஒரு பெண், "இதுக்கு வாய் எப்ப வரும்?" என்றாள். பெயர் சுகுணா. துண்டை விலக்கினாள். குழந்தைக்கு மேலுதடு பிளந்திருந்தது. புருஷன் வேலு பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவன். ஐப்பசியில் கிரகணம் பிடித்திருந்தபோது இவள் தறியில் பிளேடால் நூலை அறுத்தாளாம். அதனால்தான் பிள்ளைக்கு உதடு அறுந்தது என்று மாமியார் பட்டம்மாள் சொல்லிவிட்டாள். பிரசவத்துக்குத் தாமலில் அம்மா வீட்டுக்கு வந்தவளைத் திரும்ப அழைக்கவில்லை. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். 'அந்தப் பேரு இதுக்குக் கிடையாது' என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தையல் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

நான் மூன்றாவது பொம்மையை எடுத்தேன். முகம் ஒரே துண்டாக வருவதில்லை. பட்டுச் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நூல்நாடாவில் நெய்யப்பட்டு, கோர்வை என்ற இணைப்பில் பிடித்துக்கொள்வது போல, இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேர்கிறது. உதடு சேர்வது இரண்டாம் மாதத்தில். ஐப்பசியில் அவளுக்கு ஐந்தாம் மாதம். "நீ பிளேடைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே அது முடிந்துபோன விஷயம் அம்மா" என்றேன். அவள் அழவில்லை. "அண்ணா, இத எங்க மாமியார் வூட்டு வாசல்ல மைக் வெச்சு சொல்லுவீங்களா?" என்றாள்.

பட்டம்மாளின் கணக்கு

சொன்னேன். பட்டம்மாள் வெளியே வந்து கடைசி வரை கேட்டாள். பிறகு விரலை மடக்கி ஐப்பசியிலிருந்து பின்னால் எண்ணினாள். "ரெண்டாம் மாசமா? அப்ப ஆடி! ஆடிக்கு அவ அம்மா வூட்லதான இருந்தா. அங்க என்னத்தத் தின்னாளோ! நல்லா சொன்னபா, பழி எங்க வூட்ட விட்டுப் போச்சு."

 முதலாளிகளின் வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். என் வாதத்தை என் வாயாலேயே எதிர்க்கட்சிக்குச் சாட்சியாக்கியவர் யாருமில்லை. தின்றதும் இல்லை, தீட்டும் இல்லை, பல நேரம் காரணமே தெரியாது, சில வீடுகளில் ரத்த வழியாகவும் வரலாம், அது எந்தப் பக்கத்து ரத்தமாகவும் இருக்கலாம் என்று கத்தினேன். பட்டம்மாள் தெருவையே சாட்சிக்கு அழைத்தாள்: "எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு உதடு பிளந்து பாத்திருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க, இப்பவே போய் அவள அழைச்சாரேன்."

பெட்டியைக் கட்டும்போது

கூட்டம் கலைந்தது. பட்டம்மாளின் புருஷன் மட்டும் நின்றார். வேலுவின் அப்பா. நெய்கிறவர், அதிகம் பேசாதவர், அடர்ந்த மீசை. சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிக் காட்டினார். மேலுதட்டில், மூக்கை நோக்கி ஏறிய ஒரு வெட்டு. பிறவியிலேயே சேராமல் நின்ற இடம். "இது எந்தக் கிரகணம்பா?" என்றார்.

 "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாமயா? எங்க பொண்ணுங்களுக்கு மாப்ள எடம் அமையாதுன்னு மூடிக்கினே வந்தா. கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து அவ என்னைக் காப்பாத்திக்கினு இருக்கிறா" என்றவர், நடந்துகொண்டே திரும்பிச் சொன்னார்: "கொழந்தைக்கு மீசை இல்லையேபா."

பெயர் வைத்த நாள்

அடுத்த வாரம் வேலு வந்து என்னைக் கூப்பிட்டான். அப்பா சொல்லி சுகுணாவை அழைத்து வந்துவிட்டார்களாம், பெயர் வைக்கிறார்களாம். போனேன். சம்பந்திகள், தெருக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். சுகுணா குழந்தையின் மேல் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். பட்டம்மாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேறு ஏதோ பெயரை முடிவு செய்து வைத்திருப்பதாகப் பேச்சு.

உள்ளேயிருந்து வேலுவின் அப்பா வந்தார். மழித்த முகம். மேலுதட்டு வெட்டு எல்லார் கண்ணிலும் பட்டது. பட்டம்மாள் நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, பொண்ணுங்க மாமியார் வூட்டு ஆளுங்க உக்காந்துக்கினு இருக்காங்களே!" என்றாள். "அவங்களும் பாக்கட்டும்னுதான்மா" என்றார். குழந்தையை வாங்கி மடியில் வைத்து, துண்டை எடுத்துவிட்டு, தட்டில் பரப்பியிருந்த பச்சரிசியில் விரலால் எழுதினார். காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டியதை நிமிர்ந்து கூடத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். என் வாழ்நாளில் எத்தனையோ தீர்மானங்களை மேடையில் முழங்கியிருக்கிறேன், எதிர்த்து ஒரு கைகூட எழாமல் நிறைவேறியது அந்த மனிதர் மூன்று முறை வாசித்த அந்த ஒற்றை வார்த்தைத் தீர்மானம்தான்: "ஏகாம்பரம். ஏகாம்பரம். என் பேருதான், ஏகாம்பரம்."