சித்தப்பா பிரித்த மூளை செல்கள்

சித்தப்பா எனக்குச் செய்தவற்றை வரிசையாகவே சொல்லலாம். பிளஸ் டூ முடிந்ததும் என்னை ஓராண்டு வீட்டில் உட்கார வைத்தார். சென்னையில் மூளை ஆய்வகத்தில் சேர்ந்தபோது, 'எலி அறுக்கிறவள்' என்று எங்கள் ஊரான தோணிரேவு முழுக்கச் சொல்லி, வந்த வரனைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவதாகத் தங்கையிடம் வந்தார்.

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். சித்தப்பா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி அப்பாவின், எங்கள் நைனாவின், மனதைக் கலைத்தார்.

"பொறக்கும்போதே ஆம்பள மூளை வேற, பொம்பள மூளை வேறண்ணா. செல்லே வேற மாதிரி கீதாம். இவளுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?"

வீடியோ முழுப் பொய்யல்ல. எலிக்குட்டிகளின் வளரும் மூளை செல்லின் கிளைகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைவதுதான் என் வேலை. சில பகுதிகளில் ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் கிளைகள் சராசரியில் சற்று வேறுபடும். ஆனால் ஒரு செல்லை மட்டும் பார்த்து அது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

சித்தப்பா நண்டு வியாபாரி. நண்டைப் புரட்டினால் அடிவயிற்று மடல் குறுகலாக இருப்பது ஆண், அகலமாக இருப்பது பெட்டை. மூளையும் அப்படித்தான் என்று நம்பினார்.

ஞாயிறு காலை ஏலக் கொட்டகை நிறைந்திருந்தபோது, நைனா பார்க்க, செல் படங்களை நண்டுப் பெட்டியின் மேல் பரப்பினேன்.

"ஆண் எது, பெண் எதுனு பிரிச்சிக் குடு சித்தப்பா. உனக்குத் தெரியாததா?"

"இதுல இன்னாமே கஷ்டம்?" கிளை அடர்ந்தவற்றை ஒரு பக்கம் தள்ளினார். "மரம் மாதிரி கீது பாரு, ஆம்பள." மெலிந்தவற்றை மறுபக்கம். "இது பொம்பள. கொழம்பு வைக்கப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். முடியும்வரை காத்திருந்தேன்.

"எல்லாமே ஒரே எலிக்குட்டியோட மூளை சித்தப்பா. பெட்டைக்குட்டி."

"யோவ், இத்தினி நாளா எங்க நண்ட எப்படிய்யா பிரிச்சே?" என்றது ஒரு குரல். கொட்டகை அதிர்ந்தது.

"அப்போ வித்தியாசமே இல்லேன்றியா?" சித்தப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

இருக்கிறது. இரண்டு வாக்கியத்தில் விளக்கி அவர் முகத்தைக் காப்பாற்றியிருக்கலாம். படங்களை அடுக்கினேன்.

"தங்கச்சி படிச்சிட்டு வந்து சொல்லுவா."

நைனா தம்பியைப் பார்க்கவில்லை. "நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று என்னைக் கேட்டார்.

தங்கை இப்போது இரண்டாம் ஆண்டு. சமாதானமாகப் போகச் சொல்கிறாள் அம்மா. ஊருக்கு வரும்போதெல்லாம் கொட்டகைக்குப் போய் சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்கிறேன், ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து.