கடைசிப் பாட்டு வரைக்கும்

என் அண்ணனை எல்லோரும் டொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். மோதி நசுங்கிய கார்களின் டொக்கை எடுப்பது அவர் வேலை. அதே பட்டறையில் கார் சீட் தைப்பது என் வேலை. எங்களிடம் வருவதெல்லாம் அடிபட்ட வண்டிகள். ஒரு சீட்டில் ரத்தம் காய்ந்திருக்கும், இன்னொன்றில் கண்ணாடித் தூளோடு யாருடைய பல்லோ கிடக்கும். பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைக்க வேண்டியதுதான். மணியானால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடவும் வேண்டியதுதான்.

இந்த வேலையில் மற்றவர்கள் கண்ணை நம்புவார்கள். அண்ணன் காதை நம்புவார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். தகடு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று அந்தச் சத்தம் அவருக்குச் சொல்லிவிடும்.

அந்தக் காதுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. சினிமாவுக்கு இல்லாமல், தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, வீட்டு அறையில் பதிவு செய்து சிலர் வெளியிடுகிறார்களே, அந்த இன்டி பாப் ஆல்பங்கள். வெள்ளிக்கிழமை தோறும் புதியது வரும். ஒவ்வொன்றையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் மூன்று முறை கேட்பார். அதுவரை வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் மூட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தன் அபிப்பிராயத்தைப் போனில் பேசிப் பதிவு செய்து, பாட்டுக் கிறுக்குகள் நானூறு பேர் இருக்கிற ஒரு குழுவில் போடுவார்.

“இந்தப் பொண்ணுக்கு நல்ல குரல். அதை கிட்டாராலயே மொத்தி மொத்திச் சாகடிச்சுட்டாங்க” என்பார். “மூணாவது பாட்டு செத்த பிறகும் ரெண்டு நிமிஷம் ஓடுது, தலை வெட்டின கோழி மாதிரி” என்பார். ஒரு தடவை, அருமையாகப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை யாரோ சொதப்பிவிட்டார்கள் என்று அவர் விட்டெறிந்த சுத்தியல், சரிசெய்து நிறுத்தியிருந்த காரின் முன்கண்ணாடிக்குள் போய் விழுந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் வீட்டில் பிறந்த இரண்டுக்குமே மட்டு.

முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். முன்பு அவர் இவர் என்றுதான் பேசுவேன், இப்போது எனக்கு அவன்தான். பட்டறைக்கு மேலே மாடி அறையில் இரண்டு வருஷம் அடைந்து கிடந்து அவன் ஓர் ஆல்பம் போட்டான். ஏழு பாட்டு. சம்பளம் கொடுப்பவரின் பிள்ளை ஆயிற்றே, பட்டறையே ஆகா ஓகோ என்றது. நானும் சொன்னேன், ஒரு பாட்டும் கேட்காமலே. அண்ணனிடம் மட்டும் தனியாகக் கெஞ்சினேன்.

“அண்ணா, இந்த ஒரு தடவை சும்மா இருந்துடு.”

“உலகமே கேக்கட்டும்னுதானே போட்டிருக்கார்? உலகத்துல நானும் இருக்கேன்ல?” என்றார்.

திங்கட்கிழமை காலை சின்னவர் படியிறங்கி வந்தான். கையிலிருந்த போனில் அண்ணனின் பதிவு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏழு பாட்டுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பாத்தா, ஒரே பாட்டைத்தான் அஞ்சு தடவை பாடியிருக்கார். ஆறாவதுல குரல் மேல எதையெதையோ கொட்டி, குழி தோண்டிப் புதைச்சுட்டார்…”

“எங்கப்பா போடுற சோத்தைத் தின்னுட்டு என்னையே புதைக்கிறியா?” என்றான் சின்னவர்.

“முழுசாக் கேட்டீங்களா?” என்றார் அண்ணன். ஒரு கார் கதவின் மேல் குனிந்து தட்டிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்திருந்தால் வந்ததைப் பார்த்திருப்பார்.

அவன் போனைத் தரையில் வீசினான். பக்கத்தில் கிடந்த மரச் சுத்தியலை எடுத்து அண்ணனின் இடது காதோடு சேர்த்து அடித்தான். அண்ணன் அந்தக் கதவின் மேலேயே விழுந்தார். இரண்டாவது அடியும் அதே இடத்தில். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினான். தோல் வெட்டுகிற கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அதை அவன் தோளில் இறக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் கழுத்தில் இறக்கியிருப்பேன். அலறிக்கொண்டு சரிந்தவனை உதைத்தேன், பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர் வந்து என்னைப் பிடித்துத் தூக்கும்வரை.

போன் உடையவில்லை. கிடந்த இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தது.

“…ஆனா ஏழாவது பாட்டு இருக்கே. இதுல டிரம் இல்ல. நான் கீழ தகடு தட்டுற சத்தத்தை மாடியிலேருந்து பதிவு பண்ணி, அதையே தாளமா வெச்சிருக்கார். இருபது வருஷமாத் தட்டுறேன், அது பாட்டுன்னு எனக்கே தெரியல. இந்த வருஷம் கேட்டதுல இதுதான் உசத்தி. இந்தப் பிள்ளை விடாம இன்னும் பண்ணணும்.”

தோளைப் பிடித்துக்கொண்டு சின்னவர் அதைக் கேட்டான். அண்ணனுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.

இடது காது இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் ரத்தம் என்பதால் யாரும் போலீசுக்குப் போகவில்லை. முதலாளி தன் மகனை வெளியூருக்கு அனுப்பினார். அண்ணன் வேலைக்குத் திரும்பினார். முன்பு ஒரு தட்டில் தெரிந்தது இப்போது பத்துத் தட்டில்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் போனைத் தொடுவதில்லை. ஏதாவது கேளேன் என்றால், “பாதிக் காதுல கேட்டுட்டுப் பேசுறது தப்பும்மா” என்பார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவனைக் கொன்றிருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவன் வந்தான். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இடது கையால் அண்ணனிடம் ஒரு ஹெட்போனை நீட்டினான்.

“புது ஆல்பம்ணே. நீங்க கேட்டுட்டுச் சொன்னாத்தான் வெளியிடுவேன்.”

நான் கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டார். பிறகு அதைக் கழற்றி, இடது பக்கம் வலது காதில் வரும்படி மாற்றி மாட்டி, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“வலது பக்கம் வர்றதை ஒரு தடவை கேட்டேன். இடது பக்கம் வர்றதை ஒரு தடவை கேட்டேன். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்றார் அண்ணன். “ரெண்டும் சேர்ந்தா எப்படி இருக்குன்னு நீங்கதான் தம்பி எனக்குச் சொல்லணும்.”