கடைசி வரிசையில் என் அத்தை

எண்பதுகளின் கடைசியில், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம், மலேசியாவின் கிள்ளான் நகரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கோலாலம்பூர் பக்கம் செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே தமிழ்நாட்டிலிருந்து போனவர். மகள் நடக்கப் பழகுமுன்பே மாமா தவறிவிட்டார். அதன்பிறகு அத்தை ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை பார்த்து, மகளைப் படிக்க வைத்து, ஆபீஸ் வேலைக்கும் அனுப்பினார். அந்த மகளுக்குத்தான் கல்யாணம்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அத்தைக்குக் கடிதம் எழுதுவது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. பாஸ்போர்ட் விண்ணப்பம், விமானத்தில் கொடுத்த அட்டை எல்லாவற்றையும் நிரப்பியதும் நான்தான். பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் "பையன் பி.ஏ." என்று அப்பா வலியப் போய்ச் சொன்னார். அந்தப் படிப்பைச் சொல்லியே என்னிடம் ஒரு கேவலமான வேலையை ஒப்படைப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

செந்தூலில் அத்தையின் ஃப்ளாட்டுக்குள் நுழைந்ததுமே அப்பாவுக்கு ஓர் அதிர்ச்சி. டிவி மேல் ஒரு போட்டோ இருந்தது. மாப்பிள்ளையும் அத்தை மகளும் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்க, அத்தை குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பதிவுத் திருமணம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதாம்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா எங்களை எதுக்கும்மா வரச்சொன்னே?" என்றார் அப்பா.

அத்தை மகள் சிரித்தாள். "இங்க எல்லாருக்கும் அப்படித்தான் மாமா. அது கவர்மென்ட்டுக்கு, இது சாமிக்கு. தாலி கட்டுற வரைக்கும் நான் அம்மாகூடத்தான் இருப்பேன். பயப்படாதீங்க."

"அதுல சாட்சி யாரு தெரியுமாண்ணே? நான்தான்" என்றார் அத்தை. தமிழிலேயே கையெழுத்துப் போட்டாராம். அந்தப் போட்டோவைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப வைத்தார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் வாடகை பஸ்ஸில் கிள்ளானுக்குக் கிளம்பினோம். அத்தையோடு கேண்டீனில் வேலை பார்க்கும் பெண்கள் பாதி பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். அவர்களில் ஒரு சீன அம்மாவும் உண்டு. அவர் தமிழ் பேசியதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். அத்தை, மகள் எடுத்துக் கொடுத்த சந்தன நிறப் பட்டுச் சேலையில் இருந்தார். அது கசங்காமல் இருக்கச் சீட் நுனியிலேயே உட்கார்ந்து வந்தார்.

"முறைமாப்பிள்ளை இந்தியாவுல இருந்து வந்திருக்காரு. இன்னும் டைம் இருக்கு லா, பஸ்ஸைத் திருப்பிருவோமா?" என்று ஓர் அக்கா, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்த் தமிழில் என்னைக் காட்டிச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். சற்று நேரத்தில் என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. சொன்னா புரிஞ்சுக்குவீங்க. அத்தைகிட்ட பக்குவமா சொல்லிருங்க. தாலி கட்டி முடியிற வரைக்கும் மேடைப் பக்கம் வரவேணாம். பின்னால உட்காரட்டும். நல்ல காரியம் லா. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு மாதிரி இருக்காம்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்தக் கல்யாணத்துக்காக இரண்டு நாளாக அடுப்படியைவிட்டு நகராமல் அதிரசம் சுட்டவர் அத்தை. அந்தக் கை சுட்டதை வாயில் போட்டுக்கொள்ள இவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. அந்தக் கை தாலியைத் தொட்டால் மட்டும் ஆகாதா?

"எங்கத்தை சுட்ட அதிரசத்தைச் சாப்பிட்டப்ப ஒரு மாதிரி இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னா தம்பி, முறைப்பொண்ணு கைவிட்டுப் போகுதுன்னு வயித்தெரிச்சலா?"

எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் கேலியாக இருந்த அதே பேச்சு இங்கே கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. இதற்குமேல் நான் எதைப் பேசினாலும் அது வயிற்றெரிச்சல் என்றுதானே ஆகும்?

பிறகு அவர் குரலைத் தணித்தார். "ரெஜிஸ்டர் முடிஞ்சிருச்சு தம்பி. பொண்ணு இப்பவே எங்க வீட்டுப் பொண்ணு. தகராறு பண்ணா நஷ்டம் யாருக்கு? யோசிங்க."

அப்பாவிடம் ஓடினேன். தாய்மாமன் என்ற முறையில் புது வேட்டி கட்டி மேடையில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "விடுடா. பொண்ணு வாழ்க்கைடா. நம்ம ஊருல மட்டும் என்ன வாழுது?"

அவர் சொன்னது உண்மை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த உண்மைதான் பெரிய காரணம். கடல் தாண்டிப் போனவர்கள், பாஷையில் பாதியை மாற்றிக்கொண்டவர்கள், இதை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்துப் போயிருக்கிறார்களே!

திரும்பிப் பார்த்தால், முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. யாரும் போய்ச் சொல்லவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்தின் கடைசி வரிசையில், சமையற்கட்டுக் கதவோரமாக, அந்தச் சீன அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பார்ப்பதைக் கண்டதும், 'இங்கேயே இருக்கிறேன், நீ போ' என்பதுபோலக் கையசைத்தார். சிரிக்கவும் செய்தார். இப்படி எத்தனை கல்யாணங்களில் பழகியிருந்தால் அவ்வளவு லேசாக அந்தக் கையை அசைத்திருக்க முடியும்!

என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார்கள் அல்லவா? போய்ச் சொன்னேன், ஆனால் அத்தையிடம் அல்ல. மணப்பெண் அறைக் கதவைத் தட்டி, பெரியப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அத்தை மகளிடம் சொன்னேன்.

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவள் அசையாமல் கேட்டாள். "எங்க வீட்டுப் பொண்ணுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"சரி அத்தான். நீங்க போங்க."

அவ்வளவுதான். இவளும் பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவளை மேடைக்கு அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை மணையில் இருந்தார். அவள் உட்காரவில்லை. ஐயர் சைகை காட்டினார், அப்போதும் உட்காரவில்லை. நாதஸ்வரம் தானாக நின்றது.

"மாமா," என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை. "நான் இப்பவே உங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்களாம். ரொம்ப சந்தோஷம். அப்படின்னா இன்னைக்கு தாலி கட்டாட்டியும் நான் இவரு பொண்டாட்டிதான். அவசரமே இல்ல. எங்கம்மா வந்து பக்கத்துல நிக்கட்டும், நான் உட்கார்றேன். இல்லாட்டி வந்தவங்க எல்லாம் பசியாறிட்டுப் போகட்டும்."

எந்த வார்த்தையைக் காட்டி எங்களை மிரட்டினாரோ, அதையே எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள்! பெரியப்பா திரும்பினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரட்டும் பெரியப்பா" என்றார். இரண்டே வார்த்தை. அதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் உண்டு.

ஆனால் அத்தை எழுந்திருக்கவில்லை. "அய்யோ, நேரம் போகுதும்மா! உட்காரு. நான் இங்கேருந்தே பாக்குறேன்" என்று கெஞ்சினார்.

"அன்னைக்கு நீ சாட்சிக் கையெழுத்து போட்டுத்தானேம்மா எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு? அதனால என்னா கெட்டுப்போச்சு?" என்றாள் மகள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

சீன அம்மா அத்தையின் கைப்பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "என்னா பயம்? உன் பொண்ணு லா. போ லா!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அத்தை எழுந்து வந்தார். மேடையில் அப்பா சற்று நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. அத்தையிடம் வந்தபோது தட்டை ஏந்தியிருந்த பெண் ஒரு கணம் தயங்கினாள். மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். தட்டு நீண்டது. அத்தை தாலியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதன்பிறகுதான் கெட்டிமேளம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிலர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்கள். பந்தியில் பெரியப்பா என்னிடம் வந்து, "பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் லா" என்று சொல்லிச் சிரித்தார், ஏதோ விளையாட்டு நடந்ததுபோல. அத்தையிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஊர் திரும்பியபின் அப்பா விமானத்தைப் பற்றிச் சொன்னார், பத்துமலைப் படிகளைப் பற்றிச் சொன்னார். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் கடைசி வரிசைக்குத்தான் போகிறது. அங்கே ஓர் அம்மா சிரித்தபடி 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று கையசைத்தால், எனக்கு அந்தக் கிள்ளான் மண்டபத்தில் கொதித்த ரத்தம் இன்னும் ஆறவில்லை என்பது தெரிகிறது.