ரோபோவின் இடது பக்கம் எது

இன்று மலேசியாவின் கிள்ளானில், என் பாலர் பள்ளி வகுப்பில் ஒரு சண்டை.

அம்புக்குறி பட்டன்களை அழுத்தி, குட்டி ரோபோவைத் தரையிலுள்ள வாழைப்பழப் படத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கவினும் தர்ஷினியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரோபோ தர்ஷினியைப் பார்த்து நின்றது.

"லெஃப்ட் லா," என்றான் கவின்.

"ரைட். டீச்சர், இவன் பொய் சொல்றான்."

கவினுக்கு அழுகை வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி எழுந்து ரோபோவுக்குப் பின்னால் போய் நின்றாள். தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டேய், நீதான் கரெக்ட். அமுக்கு."

ரோபோ இடப்பக்கம் திரும்பிப் போய்ப் படத்தின்மேல் நின்றது. கவின் அழுகையை மறந்து கைதட்டினான்.

எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். 'நீதான் கரெக்ட்' என்று வீட்டில் இன்னும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எப்படி?