தமிழில் கத்திய கோல்கீப்பர்

தெற்கு லண்டனில், சட்டனுக்குப் பக்கத்தில் ஒரு ஹாக்கி கிளப்பில் நான் கோல்கீப்பர். மணமுறிவுக்குப் பிறகு தனியாக வந்து சேர்ந்த ஃபிளாட்டில் எனக்குப் பேச ஆளில்லை. வேலை கணினி வழியாக, அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்க் கடைக்குப் போனால் "கார்டா, காசா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆக, நான் வாய்விட்டுத் தமிழ் பேசியதெல்லாம் சனிக்கிழமைகளில், கோலுக்கு முன்னால் நின்று கத்தியதுதான்.

காரணம் எங்கள் கேப்டன். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதில் வந்தவர், என்னைவிட இளையவர், ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அவர்தான் எனக்கு நேர் முன்னால் நின்று தடுத்து ஆடினார்.

"தம்பி, பின்னால ஒருத்தன் வர்றான், விட்டுடாதீங்க!" என்று கத்துவேன்.

"ஓம் அண்ணை, பாத்திட்டன். நீங்கள் உள்ளுக்கையே நில்லுங்கோ!" என்பார்.

எதிரணிக்கு ஒரு எழுத்து புரியாது. எங்கள் ஆட்களுக்கும்தான் புரியாது. புரிந்திருந்தாலும் அவர்கள் பெரிதாக ஒன்றும் கிழித்திருக்கப் போவதில்லை. ஆறு, ஏழு என்று கோல் வாங்கிய காலம் அது. பந்து எப்போதும் எங்கள் பக்கமே கிடந்ததால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பந்து வெளியே போன இடைவெளியில் இரவுச் சாப்பாடு வரை விசாரிப்பார். தோசை மாவு வாங்கி நாலு நாளாகிறது என்றால், "புளிச்சுப் போகும் அண்ணை, இண்டைக்கே சுட்டுச் சாப்பிடுங்கோ" என்பார். தோற்றுக்கொண்டே சந்தோஷமாக இருந்த கோல்கீப்பர் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசி இடத்தில் முடித்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அணியைப் பின்னாலிருந்து கட்ட வேண்டும் என்றார். கோல் போடுகிற ஆளைத் தேடி எல்லோரும் அலைகிறார்கள், முதலில் கோல் வாங்காமலிருக்கப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. பல்கலைக்கழகம் முடித்த இரண்டு பேரைப் பிடித்துவந்து பின்வரிசையில் நிறுத்தினார். அடுத்த சீசனில் நடுவரிசை முழுக்க மாறியது. மூச்சு வாங்கும் பழைய ஆட்கள் கிளப்பின் கடைசி அணியான நான்காம் அணிக்குப் போனார்கள். சிலர் கோபித்துக்கொண்டு கிளப்பையே விட்டார்கள். கோல்கீப்பருக்கு மெதுவாகத்தான் வயதாகும் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார். கடைசியாக, பின்வரிசைக்கு இனித் தான் தேவையில்லை என்று முன்வரிசைக்குப் போய்விட்டார்.

திட்டம் பலித்தது. தோற்றுக்கொண்டிருந்தவர்கள் டிரா செய்தோம், பிறகு ஜெயிக்கத் தொடங்கினோம். ஆட்டமெல்லாம் மறுகோடியில் நடந்தது. கோல் விழும்போது அங்கே பத்துப் பேர் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள். இங்கே நான் பேடும் ஹெல்மெட்டுமாகக் கையை உயர்த்தி யாருக்கோ காட்டுவேன். ஆட்டம் முடிந்து எதிரணிக்குச் சாப்பாடு போடும் வழக்கம் உண்டு. அங்கேயும் அவரைச் சுற்றிக் கூட்டம். எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் அணி ஜெயிப்பதைப் பார்த்து ஆத்திரப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன், டிரா ஆனால் இல்லை. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் தடுப்பாட்டக்காரன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நழுவி வருவதைப் பார்த்தேன்.

"பின்னால வர்றான், பின்னால பாரு!"

பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அந்தப் பையன் பின்னால் பார்க்காமல், என்ன சொல்கிறாய் என்பது போல என்னைப் பார்த்தான். அதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது.

கேப்டன் மைதானம் முழுக்க ஓடி என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லை அண்ணை. ஆனா இங்கிலீஷிலை கத்தினால்தான் பெடியளுக்கு விளங்கும். இப்ப நீங்கள் வெளியில போங்கோ. எனக்கு முன்னுக்கு இன்னொரு ஆள் வேணும்."

ஹாக்கியில் அதற்கு இடமுண்டு. கோலைக் காலியாக விட்டு, கீப்பருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்கலாம். "சரி தம்பி" என்று வெளியே நடந்தேன். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த சீசனில் மைதானத்துக்குள் அவர் என்னோடு தமிழில் பேசியது அப்போதுதான், அதனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் இனிக்கவும் செய்தது. அந்த நிலைமையிலும் அப்படி இருந்தது என்றால் என் தனிமை எந்த அளவில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிமிடத்தில் கேப்டனே கோல் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். நானும் ஓடினேன். பேடைக் கட்டிக்கொண்டு ஓடுவது ஓட்டத்தில் சேராது. நான் போய்ச் சேரும்போது பாதிக் கூச்சல் அடங்கியிருந்தது. இருந்தாலும் வழிவிட்டு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முதுகில் யார் யாரோ தட்டினார்கள். கேப்டன் எனக்கு நேர் எதிரே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சிட்டோம் தம்பி" என்றேன்.

"வீ டிட் இட், மேட்! வீ டிட் இட்!" என்று என் தோள்களைப் பிடித்து உலுக்கினார்.

நான் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன், "ஜெயிச்சிட்டோம் தம்பி." அதற்குள் அவர் திரும்பி, அடுத்தவனைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.